அறிந்த பின்னும் மௌனமா?

வீடு என்பது நாம் ஐயமின்றிக் கண்ணயரும் இடம். வெளியுலகில் எத்துணை எச்சரிக்கையோடு நடப்பவரும் தம் வீட்டுக் கதவைத் தாழிட்டதும் அந்த எச்சரிக்கையைக் களைந்து வைத்துவிடுகிறார். ஆகவேதான் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும் ஆபத்து, வெளியிலிருந்து வரும் ஆபத்தைக் காட்டிலும் கொடியதாகிறது. அதை முதலில் காணும் கண்ணும் பெரும்பாலும் வீட்டாருடையதாய் இருப்பதில்லை. வேறு வேலையாக உள்ளே வந்த அயலாருடையதாய் இருக்கிறது. அவ்வாறு கண்டவரின் கடமை யாது? அவர் சொல்லக் கேட்டவரின் கடமை யாது? இவ்விரு வினாக்களையும் அன்றாட நிகழ்ச்சி ஒன்றை முன்வைத்து எண்ணிப் பார்ப்போம்.

இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில் பெரும்பாலான வீடுகளில் எரிவாயுக் கொதிகலன் ஒன்று உண்டு. அது நம் ஊர்க் குளியலறைகளில் வெந்நீர் போட வைத்திருந்த பாய்லரைப் போன்றதன்று. குழாய்வழி வரும் எரிவாயுவை எரித்து, நீரைச் சூடாக்கி, அந்நீரை அறைதோறும் உள்ள இரும்புத் தகடுகளுக்குள் ஓடவிட்டு, வீடு முழுவதையும் வெதுவெதுப்பாக வைத்திருப்பது. அந்நாட்டில் குடியேறிய நம் உறவினர் பலரும் பனிக்காலத்தை அதன் தயவில்தான் கழிக்கின்றனர்.

ஆண்டுக்கொருமுறை அதைத் துடைத்துச் சீர்செய்ய ஒருவர் வருகிறார். கொதிகலனோ முப்பது ஆண்டுப் பழையது. கரியை நீக்கி, தூசி தட்டி, ‘இன்னும் ஓராண்டுக்குக் கவலையில்லை’ என்று அவர் சொல்லிவிட்டுப் போனால் போதும் என்பதே வீட்டாரின் எதிர்பார்ப்பு. ஆனால் முன்மூடியைக் கழற்றியதும், நீலமாக எரியவேண்டிய சுடர் மஞ்சளாகித் தள்ளாடுவதை அவர் காண்கிறார். புகைபோக்கியின் அருகே சிறிது புகையை எழுப்பிப் பார்க்கிறார். மேலே இழுக்கப்படவேண்டிய புகை அறைக்குள் திரும்பி வருகிறது. காற்று நுழைவதற்கென்று சுவரில் விடப்பட்ட துளை, குளிருக்கு அஞ்சிப் பழந்துணியால் அடைக்கப்பட்டிருக்கிறது. குறை காணுவதற்காக எவரும் அவரை அழைக்கவில்லை. எனினும் கண்டுவிட்டார். இனி அவர் செய்ய வேண்டியது என்ன?

சுடரின் நிறம்

இவ்வினாவின் கனத்தை உணர, ஆபத்தின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். முன்னாளில் பிரிட்டனின் வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தது நிலக்கரியிலிருந்து பெறப்பட்ட நகர வாயு. கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சு அதிலேயே கலந்திருந்தது. 1967 முதல் 1977 வரையிலான பத்தாண்டுகளில், வீடு வீடாகச் சென்று அடுப்புகளையும் கொதிகலன்களையும் மாற்றியமைத்து, வடகடலில் எடுக்கப்பட்ட இயற்கை வாயுவுக்கு அந்நாட்டினர் மாறினர். இயற்கை வாயுவின் பெரும்பகுதி மீத்தேன். அதில் அந்நஞ்சு இல்லை. ஆயினும் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஒரு பங்கு மீத்தேன் முழுமையாக எரிய ஏறத்தாழ 10 பங்கு காற்று வேண்டும். அது கிடைத்தால் கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகிப் புகைபோக்கி வழியே வெளியேறும். காற்று குறைந்தாலோ, எரிமுனையில் கரி படிந்தாலோ, புகைபோக்கியில் பறவை கூடு கட்டினாலோ எரிதல் அரைகுறையாகிறது. அப்போது அதே நஞ்சு பிறக்கிறது. முன்பு குழாயில் வந்த நஞ்சை இப்போது நம் கவனக்குறைவு வீட்டுக்குள்ளேயே தயாரிக்கிறது.

இந்நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. எரிவாயு கசிந்தால் நம் மூக்கு அறியும்படி அதில் மணப்பொருள் சேர்க்கப்படுகிறது. கார்பன் மோனாக்சைடு அத்தகைய அறிவிப்பு எதுவுமின்றி வருகிறது. இரத்தத்தில் உயிர்வளியைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினோடு, உயிர்வளியைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் அது ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, சோர்வு ஆகியவை அதன் தொடக்க அடையாளங்கள். சளிக்காய்ச்சல் வரப்போகிறது என்று எண்ணி மனிதர் சன்னலைச் சாத்துகிறார், போர்த்திக்கொண்டு படுக்கிறார், கொதிகலனைச் சற்றுக் கூட்டியும் வைக்கிறார். வெளியே சென்றால் தெளிவதும், வீடு திரும்பினால் மீண்டும் தொடங்குவதும், வீட்டிலுள்ளோர் அனைவருக்கும் ஒருசேர வருவதும் உண்மையைக் காட்டிக்கொடுக்கும் குறிகள். ஆனால் அக்குறிகளை ஆராய வேண்டிய அறிவையே இந்நஞ்சு மழுங்கச் செய்துவிடுகிறது. தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத நிலையில் மனிதர் பிறருடைய அறிவை நம்பியே உயிர் வாழ வேண்டியிருக்கிறது.

இதை முதன்முதலில் உலகுக்குத் தெளிவாக்கியவர்களுள் ஒருவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர். நிலக்கரிச் சுரங்க வெடிப்புகளில் மாண்டோரை ஆராய்ந்த அவர், அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது வெடிப்பின் வேகமன்று, அதன்பின் சூழ்ந்த கார்பன் மோனாக்சைடே என்று 1896ஆம் ஆண்டு அறிக்கையில் காட்டினார். மனிதருக்கு முன்னதாகவே நஞ்சுக்கு ஆட்படும் சிற்றுயிர்களைச் சுரங்கத்துக்குள் கொண்டு செல்லுமாறும் அறிவுறுத்தினார். கேனரிப் பறவைகள் 1986ஆம் ஆண்டு வரை பிரிட்டனின் சுரங்கங்களில் அப்பணியைச் செய்தன. பறவை கிளையிலிருந்து சாய்ந்ததும் மனிதர் வெளியேறினர். இன்று வீட்டில் அப்பறவையின் இடத்தில் நிற்பவர் கொதிகலனைச் சீர்செய்ய வந்தவர். ஒரு வேறுபாடு உண்டு: பறவைக்குத் தெரிவு இல்லை. மனிதருக்குச் சொல்லவும் இயலும், சொல்லாதிருக்கவும் இயலும். அறநெறி தொடங்குவது அங்கேதான்.

ஒரு பழைய வழக்கு

‘அழைத்தது துடைப்பதற்கு, துடைத்தாயிற்று, கூலியும் பெற்றாயிற்று, கேட்காத ஒன்றை ஏன் சொல்ல வேண்டும்?’ என்று ஒருவர் கேட்கக்கூடும். இக்கேள்வி புதியதன்று. உரோமைப் பேரறிஞர் சிசரோ கி.மு. 44இல் தம் மகனுக்காக எழுதிய ‘கடமைகள்’ என்னும் நூலின் மூன்றாம் பகுதியில் ஏறக்குறைய இதே வழக்கை விசாரிக்கிறார். நல்லவர் ஒருவர் தம் வீட்டை விற்க முன்வருகிறார். அவ்வீடு நோய் தருவது. அதன் மரங்கள் உளுத்துப்போனவை. அறைகளில் நச்சுயிர்கள் உலவுகின்றன. இவை விற்பவர் ஒருவருக்கே தெரியும். சொல்ல வேண்டுமா?

பாபிலோனைச் சேர்ந்த டயோஜெனிசும் தார்சு நகரத்து அந்திபாத்தரும் ஸ்தோயிக்கு மரபின் மெய்யியலார். இவ்வழக்கில் இருவரும் இரு பக்கம் நிற்கின்றனர். ‘வாங்கு என்று எவரையும் வற்புறுத்தவில்லை, பொய்யும் சொல்லவில்லை, சொல்லாதிருப்பது வேறு, மறைப்பது வேறு’ என்பது டயோஜெனிசின் பக்கம். ‘வழி தவறியவனுக்கு வழிகாட்ட மறுப்பதே குற்றமாயின், அறிந்தே ஒருவனைக் கேட்டுக்குள் நடக்க விடுவது அதனினும் பெரிது’ என்பது அந்திபாத்தரின் பக்கம். சிசரோ பின்னவரோடு சேர்கிறார். எல்லா மௌனமும் மறைப்பு ஆகாது. பிறருக்குத் தெரியவேண்டியது தெரியாதிருப்பதால் நமக்கு ஆதாயம் என்று விரும்பி வாய்மூடுவதே மறைப்பு என்று அவர் எல்லை வகுக்கிறார். பிற்காலத்தில் புனித தோமா அக்குவினாஸ் இதனை மேலும் கூர்மையாக்கினார். கண்ணுக்குத் தெரியும் குறையை விற்பவர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஒற்றைக்கண் குதிரையை வாங்குபவரே பார்த்துக்கொள்வார். ஆனால் குறை மறைந்திருந்து, அதனால் வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ நேருமாயின், வெளிப்படுத்தக் கடமைப்பட்டவர் விற்பவரே என்பது அவர் முடிபு.

கொதிகலன் வழக்கில் இவ்வளவுகோல் இன்னும் வன்மை பெறுகிறது. முன்மூடிக்குள் இருப்பதை வீட்டார் பார்ப்பதில்லை. பார்த்தாலும் அவர்களுக்குப் புரிவதில்லை. மஞ்சள் சுடர் அவர்கள் கண்ணுக்கு அழகாகவே தோன்றலாம். ஆகவே அறிந்தவரின் மௌனம், அறியாதவரின் கண்ணைக் கட்டுவதற்கு ஒப்பாகிறது. பிரிட்டனின் 1998ஆம் ஆண்டு எரிவாயுப் பாதுகாப்பு விதிகளும் இவ்வறத்தையே சட்டமாக்கியுள்ளன. கருவியில் கைவைத்துப் பணி செய்தவர் அதன் புகைபோக்கி, எரிதலுக்கான காற்று, வாயுவின் அழுத்தம் அல்லது வெப்ப அளவு, பாதுகாப்பான இயக்கம் ஆகியவற்றைச் சோதிக்காமல் வெளியேறலாகாது. ஆபத்து என்று அறிந்தாலோ, ஐயுறக் காரணம் இருந்தாலோ, பொறுப்பாளருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். ‘நான் துடைக்க மட்டுமே வந்தேன்’ என்னும் சொல்லுக்கு அங்கே இடமில்லை.

மூன்று சோதனைகள்

சொல்ல வேண்டும் என்பது தெளிவு. எவ்வாறு சொல்வது என்பதில்தான் மனச்சான்றின் உழைப்பு இருக்கிறது. சொல்பவரை மூன்று சோதனைகள் சூழ்கின்றன.

முதலாவது, இரக்கத்தின் பெயரால் வரும் மௌனம். தனித்து வாழும் மூதாட்டி ஒருவர், வெளியே பனி. கொதிகலனை நிறுத்தினால் இன்றிரவே வீடு குளிர்ந்துவிடும். புதியது வைக்க ஆயிரக்கணக்கான பவுன் வேண்டும்; அவரிடம் அது இல்லை. ‘இத்தனை நாள் ஓடியது, இந்தப் பனிக்காலமும் ஓடட்டும்’ என்று நெஞ்சம் நெகிழ்கிறது. வாய்மைக்கு இலக்கணம் கூறவந்த வள்ளுவர், உள்ளதை அப்படியே ஒப்பிப்பதை அளவுகோலாக வைக்காமல், எவருக்கும் கேடு சூழாமையை அளவுகோலாக வைத்தாரன்றோ? அதைக் காட்டி இம்மௌனத்தைச் சிலர் காக்க முற்படலாம். ஆனால் அதே அளவுகோல்தான் இம்மௌனத்தைத் தகர்க்கிறது. இங்கே கேடு விளைவிப்பது சொல் அன்று, சொல்லாமை. மூதாட்டியின் ஓரிரவுக் குளிரைத் தாங்க மாட்டாத இரக்கம், அவர் விழிக்காமலே போகக்கூடிய ஓரிரவை எப்படித் தாங்கும்? அவருடைய முகவாட்டத்தைக் காண அஞ்சும் நம் நெஞ்சைக் காத்துக்கொள்வதற்கு இரக்கம் என்று பெயரிடலாகாது.

இரண்டாவது, ஆதாயத்தின் உரத்த குரல். பழையது யாவும் ஆபத்தானது என்று சொல்லி அச்சமூட்டினால் புதிய கொதிகலன் விற்கும். அறியாதவரின் அச்சம் நல்ல சந்தையாகும். மௌனம் ஒரு பொய்யாயின், மிகைப்படுத்தலும் மற்றொரு பொய்யே. பொய்யச்சத்துக்குப் பலமுறை ஆளானவர், மெய்யான எச்சரிக்கையையும் ஒரு நாள் புறந்தள்ளுவார். பழமை வேறு, ஆபத்து வேறு. வார்ப்பிரும்பில் செய்த பழைய கொதிகலன் எரிவாயுவைச் சற்று மிகுதியாகச் செலவிடலாம். உதிரி உறுப்புகள் கிடைக்காமல் போகலாம். அதனாலேயே அது உயிருக்கு உலை வைப்பதாகிவிடாது. இதனால்தான் அந்நாட்டுத் தொழில்நெறி ஆபத்தை இரண்டாகப் பகுக்கிறது. இப்போதே உயிருக்கு அச்சுறுத்தலாக இருப்பது உடனடி ஆபத்து. ஒரு குறையாவது இருந்து, பின்னர் ஆபத்தாக மாறக்கூடியது ஆபத்துக்கு இடமுள்ளது. முன்பு மூன்றாவதாக ஒரு வகையும் இருந்தது: தீங்கில்லை, ஆனால் இன்றைய தரத்துக்கு ஏற்றதன்று என்பது. பின்னர் அவ்வகை நீக்கப்பட்டது. இந்த வகைப்பாட்டைக் காசுக்காகக் குழப்புபவர் தம் தொழிலின் நம்பிக்கையையே விற்பவராவார்.

நேர்மையாளருக்கும் இதில் இக்கட்டு உண்டு. அடுக்குமாடி வீடுகள் சிலவற்றில் புகைபோக்கி கூரைத் தட்டிக்குள் மறைந்து செல்கிறது. அதன் இணைப்புகள் விலகியிருக்கின்றனவா என்று பார்க்க வழியில்லை. 2013ஆம் ஆண்டு சனவரி 1 முதல், பார்ப்பதற்குத் திறப்பு இல்லாத அத்தகைய கொதிகலனை ஆபத்துக்கு இடமுள்ளதாகக் கருதி, இசைவு பெற்று நிறுத்த வேண்டும் என்பது பணியாளருக்கு இடப்பட்ட நெறி. குறை கண்டதாகச் சொல்லவில்லை. காண இயலவில்லை என்கிறார். வீட்டாருக்கு இது அநீதியாகத் தோன்றலாம். எனினும், பார்க்காத ஒன்றை நலமென்று சான்றுரைக்க மறுப்பதும் வாய்மையின் ஒரு பகுதியே.

மூன்றாவது சோதனை நுட்பமானது: தாளின் பின்னே ஒதுங்கிக்கொள்ளுதல். எச்சரிக்கைத் தாளை நிரப்பி, கையொப்பம் பெற்று, கொதிகலனில் ‘பயன்படுத்தாதீர்’ என்னும் அட்டையைக் கட்டிவிட்டால் சட்டத்தின் முன் அவருடைய கைகள் தூயவை. ஆனால் அவருக்குப் பின்னால் கதவு சாத்தப்படும்போது உள்ளே இருப்பவர் இருமடங்கு ஏழையாகியிருக்கிறார்: முன்பு அறியாமையும் வெப்பமும் இருந்தன, இப்போது அச்சமும் குளிரும் இருக்கின்றன. லேவியர் நூலின் 14ஆம் அதிகாரத்தில் இதற்கு ஒளிதரும் நெறி ஒன்று உண்டு. வீட்டுச் சுவரில் தொற்று தோன்றினால் வீட்டுக்காரர் குருவிடம் அறிவிக்க வேண்டும். குரு வந்து பார்த்து, தேவையானால் வீட்டை ஏழு நாள் பூட்டுவார். ஆனால் அவர் உள்ளே நுழையுமுன், வீட்டிலுள்ள பொருள்களையெல்லாம் வெளியே எடுத்துவிடக் கட்டளையிடுகிறார். வீடு தீட்டு என்று தீர்ப்பாகும்போது அதனுள் உள்ள தட்டுமுட்டுகளும் தீட்டாகி, ஏழையின் உடைமை பாழாகிவிடக்கூடாது என்பதே காரணம். தீர்ப்பிலே தளர்ச்சியில்லை, இழப்பைக் குறைப்பதில் கருத்து இருக்கிறது. சோதிக்க வருபவர் எவருக்கும் இது பாடமாகும். கொதிகலனை நிறுத்துபவர், இன்றிரவு அறையைச் சூடாக்க மின்கணப்பு இருக்கிறதா என்று கேட்கலாம். அடைபட்ட துளையைத் திறந்து, அது ஏன் திறந்திருக்க வேண்டும் என்று பொறுமையோடு விளக்கலாம். மகனுக்கோ அண்டை வீட்டாருக்கோ ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகலாம். இவை எந்த விதியிலும் இல்லை. ஆயினும் உண்மை அன்பாக மாறுவது இத்தகைய சிறு செயல்களால்தான்.

கேட்டவரின் கடமை

இனி மறுபக்கத்தை நோக்குவோம். சொன்னவரின் பொறுப்பு முடியுமிடத்தில் கேட்டவரின் பொறுப்பு தொடங்குகிறது. அறநெறி இறையியல் அறியாமையைப் பலவாகப் பகுக்கும். எவ்வளவு முயன்றும் நீக்க இயலாத அறியாமை குற்றமற்றது. முயன்றால் நீக்கக்கூடியது பொறுப்பைக் குறைக்குமேயன்றி ஒழிக்காது. இவற்றுக்கு அப்பால், வேண்டுமென்றே பேணிக்கொள்ளும் அறியாமை ஒன்று உண்டு: தெரிந்தால் செய்ய வேண்டியிருக்குமே என்பதற்காகத் தெரிந்துகொள்ளாதிருத்தல். ‘வருபவர் ஏதாவது சொல்லிவிடுவார்’ என்று அஞ்சி ஆண்டுக்கணக்கில் எவரையும் அழைக்காத வீட்டுக்காரர் இவ்வகையினர். பிரிட்டனில் வாடகைக்கு விடுவோர் ஆண்டுதோறும் எரிவாயுச் சோதனை செய்வித்துக் குடியிருப்போருக்குச் சான்று தரவேண்டும் என்பது சட்டம். தம் சொந்த வீட்டில் வாழ்வோருக்கு அக்கட்டாயம் இல்லை. சட்டம் அவர்களை மனச்சான்றிடம் ஒப்படைத்துவிட்டது.

ஆனால் அறிந்துவிட்ட பின்னர் அவ்விட்டுக்கொடுத்தல் இல்லை. ஆபத்து என்று அறிந்தோ, ஐயுறக் காரணம் இருந்தோ, கருவியைப் பயன்படுத்துவதும் பயன்படுத்த விடுவதும் தடைசெய்யப்பட்டவை. வந்தவர் வீட்டாரின் இசைவின்றி இணைப்பைத் துண்டிக்க இயலாது என்பது மெய்யே. உடனடி ஆபத்தின்போது வீட்டார் மறுத்தால் அவர் எரிவாயு அவசரப் பணிக்குத் தெரிவிக்கிறார். உள்ளே நுழைந்து துண்டிக்கும் அதிகாரம் அவர்களுக்கு 1996ஆம் ஆண்டு விதிகளால் உண்டு. ‘என் வீடு, என் உயிர், உனக்கென்ன?’ என்பவருக்கு இது அத்துமீறலாகப் படலாம். மனிதரின் விருப்புரிமை பெரிது. ஆனால் ஒரு வீட்டில் உறங்குபவர் அவர் ஒருவர்தானா?

2006ஆம் ஆண்டு கிரேக்க நாட்டின் கோர்ஃபு தீவில், விடுமுறைக்குச் சென்றிருந்த ஆங்கிலேயக் குடும்பமொன்றின் 7 வயதும் 6 வயதுமான இரு குழந்தைகள், தங்குவிடுதியின் பழுதுற்ற கொதிகலனிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடால் உறக்கத்திலேயே இறந்தனர். அது சட்டத்துக்குப் புறம்பான கொலை என்று 2015ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மரண விசாரணைச் சான்றாயர் தீர்ப்பளித்தனர். அக்கொதிகலனைப் பற்றி அக்குழந்தைகள் எதைத் தெரிவு செய்தனர்? ஆபத்தை ஏற்றுக்கொள்பவர் ஒருவராகவும், அதற்கு விலை கொடுப்பவர் வேறொருவராகவும் இருப்பதே இத்தகைய சாவுகளின் கொடுமை. விடுமுறைக்கு வரும் பேரக்குழந்தை, ஓரிரவு தங்கும் விருந்தினர், சுவருக்கு அப்பால் உறங்கும் அண்டை வீட்டார் ஆகியோரின் உயிரும் அந்தச் சுடரின் நிறத்தில் அடங்கியிருக்கிறது. புது வீடு கட்டுவோர் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும் என்று இணைச்சட்ட நூல் கட்டளையிடுவதும் இக்காரணத்தாலேயே. சுவர் இல்லாமையால் விழுந்து சாபவரின் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து.

சமூகத்தின் பங்கு

தனி மனிதரின் மனச்சான்றோடு இது முடிந்துவிடுவதில்லை. 1968ஆம் ஆண்டு மே 16 அன்று விடியற்காலையில், கிழக்கு இலண்டனில் ரோனன் பாயிண்ட் என்னும் 22 மாடிக் கட்டடத்தின் 18ஆம் தளத்தில் ஒரு பெண் தேநீருக்காகத் தீக்குச்சி உரசினார். அடுப்பின் எரிவாயு இணைப்பிலிருந்த தரமற்ற பித்தளைத் திருகுமரை ஒன்று உடைந்து வாயு கசிந்திருந்தது. வெடிப்பில் கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சரிந்தது, நால்வர் இறந்தனர். அதன் பின்னரே எரிவாயுப் பணியாளருக்கான பதிவு அமைப்பு 1970இல் தோன்றியது. 1991இல் பதிவு கட்டாயமாயிற்று. 2009இல் இன்றைய எரிவாயுப் பாதுகாப்புப் பதிவேடு அதன் இடத்தைப் பெற்றது. இங்கிலாந்தில் வாடகை வீடுகளில், சமையல் அடுப்பு நீங்கலாக, எரிபொருள் எரியும் நிலையான கருவி உள்ள வாழ்வறைகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணி வைப்பது 2022 அக்டோபர் முதல் கட்டாயம். விதிகள் பலவும் எவரோ ஒருவரின் சாவிலிருந்து எழுதப்பட்டவை. அவற்றைத் தொல்லையென்று எண்ணும்போது இதை நினைவிற்கொள்வது நலம்.

ஆனால் நிறுத்தச் சொல்லும் சட்டத்தால் வெப்பத்தைத் தர இயலாது. பணமுள்ளவருக்கு அபாய அறிவிப்பு ஒரு செலவு. இல்லாதவருக்கு அது குளிருக்கும் நஞ்சுக்கும் இடையே நிகழும் தெரிவு. காற்றுத் துளையில் துணியை அடைத்தவர் பெரும்பாலும் மூடரல்லர். வெப்பத்தைச் சிறிதேனும் சேமிக்க முயன்ற ஏழையர். அவர்களிடம் உண்மையைச் சொல்லும் கடமை ஒருவருக்கு இருக்குமாயின், அவ்வுண்மையைத் தாங்கும் வலிமையை அவர்களுக்கு அளிக்கும் கடமை அண்டை வீட்டாருக்கும் ஊருக்கும் அரசுக்கும் இருக்கிறது. நம் வீடுகளில் கொதிகலன் இல்லாதிருக்கலாம். ஆயினும் பிறர் வீட்டில் நாம் கண்ட குறையும், நம் வீட்டில் பிறர் கண்டு சொன்ன குறையும் நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வோம். சொல்லக் கேட்டால் செவிசாய்ப்போம். அதன்பின் குளிரில் தனித்து நிற்பவருக்கு ஒரு போர்வையோடு செல்வோம்.